மருந்து ஏன் கேட்கவில்லை? ஓர் அறிவியல் டீச்சருக்குப் பதில்

வந்த கடிதம்

திருமங்கலத்துக்குத் தெற்கே, கரிசல் காட்டு ஊர் ஒன்றில் இருக்கும் தனியார் பள்ளியின் அறிவியல் ஆசிரியை ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் சாரம் இது.

பதினொரு வருடமாகப் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறார். சென்ற ஆண்டு ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ பாடத்தைத் தொடங்கிய அன்றே ஒரு மாணவன் வீட்டுக்குப் போய், “நாமெல்லாம் குரங்குல இருந்து வந்தோம்னு டீச்சர் சொன்னாங்க” என்று சொல்லியிருக்கிறான். மறுநாள் காலை அவனுடைய தாத்தா பள்ளிக்கே வந்து சத்தம் போட்டுவிட்டார். இன்னொரு பெற்றோர், “இது வெறும் தியரி. நிரூபிக்காத விஷயத்தைச் சொல்லிப் பிள்ளைகள் மனசைக் கெடுக்காதீர்கள்” என்று எழுதிக் கொடுத்தார். மூன்றாமவர், “இதெல்லாம் தசாவதாரத்திலேயே இருக்கிறது, புதிதாக என்ன சொல்லித்தருகிறீர்கள்” என்றார். தாளாளர் கூப்பிட்டு, “ஒரே பீரியடில் முடித்துவிடுங்கள். கேள்வி பதிலை எழுதிப் போட்டு மனப்பாடம் பண்ணச் சொல்லுங்கள்” என்று சொல்லிவிட்டார். இவரும் அப்படியே செய்தார்.

அந்த ஒரே பீரியடில் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், அப்ப முதல் மனுஷி யாரு? அவங்க அம்மா என்னவா இருந்தாங்க?” என்று கேட்டிருக்கிறாள். “உட்காரு, பரீட்சைக்கு இது வராது” என்று சொல்லி உட்கார வைத்திருக்கிறார். அந்தப் பெண் இப்போது அதே பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு வணிகவியல் பிரிவில் படிக்கிறாள். வராந்தாவில் பார்க்கும்போதெல்லாம் மனம் உறுத்துகிறது என்கிறார்.

இந்த ஆண்டு அதே பாடம் மறுபடி வரப்போகிறது. “வெள்ளிக்கிழமை தவறாமல் மீனாட்சி கோயிலுக்குப் போகிறவள் நான். சாமியையும் பாடத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாதா? சட்டம் என் பக்கம் இருக்கிறதா? ‘வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இரு’ என்கிறார் வீட்டுக்காரர். உசிலம்பட்டிப் பக்கம்தான் ஆதி மனிதன் என்று பேப்பரில் வந்ததே, அதை வைத்துத் தொடங்கினால் ஊரில் சந்தோஷப்படுவார்களா? ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டித் தின்று கழுத்து நீண்டது என்று சொன்னபோது மட்டும் யாரும் சண்டைக்கு வரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: நீங்கள் முப்பது வருடமாக வைத்தியம் பார்க்கிறவர். உங்கள் தொழிலில் இந்தப் பாடம் ஒரு நாளாவது உதவியிருக்கிறதா? பருத்திக்காட்டு வீட்டுப் பிள்ளைகளுக்கு இது எதற்கு?”

பதில்

அன்புள்ள டீச்சர்,

பெயர் தெரியாததால் இப்படியே கூப்பிடுகிறேன். நம் பக்கத்தில் இதைவிட மரியாதையாக ஒருவரைக் கூப்பிட எனக்குத் தெரியாது.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒரு நாளாவது உதவியிருக்கிறதா என்று கேட்டீர்கள். என் அறைக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர் தினமும் சொல்லிவிடுவார்: “முன்ன இந்த மாத்திரை நல்லாக் கேட்டுச்சு டாக்டர், இப்பக் கேக்க மாட்டேங்குது.” உங்கள் ஊர் டீக்கடையில் உட்கார்ந்தால் பருத்தியைப் பற்றி இதே பேச்சு காதில் விழும்: “போன வருசம் அடிச்ச அதே மருந்துதான், புழு அசையக்கூட இல்லை.” ஆஸ்பத்திரியிலும் காட்டிலும் நடப்பது ஒன்றேதான். ஒரே பீரியடில் நீங்கள் முடிக்க வேண்டியிருந்த பாடம் அதைப் பற்றியது.

‘பழகிப்போச்சு’ என்கிற தப்பு

சில வருடங்களுக்கு முன் ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். காசநோய். ஆறு மாதம் மாத்திரை. இரண்டாவது மாதத்திலேயே இருமல் நின்றுவிட்டது. அதன்பின் ஊரில் இருந்தால் போடுவார், வண்டி ஏறினால் விட்டுவிடுவார். ஒரு வருடம் கழித்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். சளியைப் பரிசோதித்தால் ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான மருந்து வேலை செய்யவில்லை. “ஏன் விட்டு விட்டுப் போட்டீங்க?” என்று கேட்டேன். “தொடர்ந்து போட்டா உடம்புக்குப் பழகிப்போயிடும், அப்புறம் கேக்காதுன்னு சொன்னாங்க” என்றார். மருந்து கேட்காமல் போய்விடுமோ என்று பயந்து அவர் செய்த காரியமே மருந்தைக் கேட்காமல் செய்தது. அவர் பத்தாம் வகுப்பு தேறியவர், டீச்சர். இந்தப் பாடத்தை எந்தப் பள்ளியில், எப்படிப் படித்தார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. படித்திருந்தாலும் மனப்பாடமாகத்தான் படித்திருப்பார்.

இங்கேதான் உங்கள் ஒட்டகச்சிவிங்கியும் வருகிறது. எட்டி எட்டிக் கழுத்து நீண்டது, அந்த நீளம் குட்டிக்கும் வந்தது என்பது டார்வினுக்கு முந்திய பிரெஞ்சு அறிஞர் லாமார்க் சொன்னது. பாடப்புத்தகத்தில் அது வரலாறாக இருக்கிறது, விடையாக இல்லை. அதை யாரும் எதிர்க்காததற்குக் காரணம், நம் எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றும் எண்ணம் அது. “உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு” என்பதும் அதே எண்ணம்தான். நடப்பது வேறு. கிருமிக் கூட்டத்தில் கோடிக்கணக்கானவை இருக்கும். நகல் எடுக்கும்போது எழுத்துப் பிழை விழுவது மாதிரி, தற்செயலாக ஒன்றிரண்டு கொஞ்சம் மாறிப் பிறந்திருக்கும். மருந்து வருவதற்கு முன்பே அவை அங்கே இருக்கும். மருந்து வந்ததும் மற்றவை சாகும், அந்த ஒன்றிரண்டு பிழைக்கும், பிறகு வளர்ந்து பெருகுவதெல்லாம் அவற்றின் பிள்ளைகள். எந்தக் கிருமியும் எதற்கும் பழகவில்லை. கூட்டத்தின் ஆள்கணக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான்.

இது ஊகமா என்று பிள்ளைகள் கேட்டால், 1943இல் சால்வடோர் லூரியாவும் மாக்ஸ் டெல்ப்ரூக்கும் செய்த சோதனையைச் சொல்லுங்கள். பாக்டீரியாவைப் பல குழாய்களில் தனித்தனியாக வளர்த்தார்கள். பிறகு ஒவ்வொன்றையும், பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ் பூசிய தட்டில் ஊற்றினார்கள். வைரஸைப் பார்த்த பிறகுதான் பழகித் தேறுகிறது என்றால், எல்லாத் தட்டிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை பிழைக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. பல தட்டில் ஒன்றுகூட இல்லை, சில தட்டில் மட்டும் குவியல் குவியலாக. எந்தக் குழாயில் மாற்றம் சீக்கிரமே விழுந்ததோ அதில் வாரிசுகள் அதிகம். கரும்பலகையில் பத்து வட்டம் போட்டு இதை நடத்திவிடலாம், ஆய்வகம் தேவையில்லை.

காசநோய்க்கு ஏன் ஒரே நேரத்தில் நான்கு மருந்து கொடுக்கிறோம் என்பதும் இதே கணக்குத்தான். ஐசோனியசிட் மருந்துக்குத் தப்பிக்கும் கிருமி சுமார் பத்து லட்சத்தில் ஒன்று. ரிஃபாம்பிசினுக்குத் தப்பிப்பது சுமார் பத்துக் கோடியில் ஒன்று. நோயாளியின் நுரையீரலில் ஒரு குழிக்குள்ளேயே கோடிக்கணக்கில் கிருமி இருக்கும். ஆகவே ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் தப்பிக்க ஆள் தயாராக இருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்துத் தப்பிக்க வேண்டுமென்றால் நூறு லட்சம் கோடியில் ஒன்று. அவ்வளவு கிருமி எந்த மனித உடம்பிலும் கிடையாது. முதல் இரண்டு மாதம் நான்கு, அடுத்த நான்கு மாதம் மூன்று என்று நாங்கள் எழுதுவதற்குப் பின்னால், தப்பியவை பெருகும் இந்தக் கணக்கை இயற்கைத் தேர்வு என்று சொன்ன டார்வின் நிற்கிறார். 1945இல் நோபல் பரிசு வாங்கிய மேடையிலேயே அலெக்சாண்டர் ஃபிளெமிங், பென்சிலினைக் குறைந்த அளவில் போட்டுக்கொண்டால் கிருமி தப்பிக்கக் கற்றுவிடும் என்று எச்சரித்தார். நாமோ இன்றும் சளிக்கு மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறோம்.

பருத்திக்காட்டுப் பிள்ளைகளுக்கு எதற்கு?

உங்கள் மாணவர்களின் வீடுகளில் பி.டி. பருத்தி விதைத்திருப்பார்கள். காய்ப்புழுவைக் கொல்லும் விஷப் புரதத்தைச் செடியே உண்டாக்கும்படி மரபணு மாற்றிய பருத்தி அது. 2002இல் நம் நாட்டில் அதற்கு அனுமதி கிடைத்தது. பல வருடம் அந்த விதைப் பையோடு சின்னப் பொட்டலம் ஒன்று வந்துகொண்டிருந்தது. அதில் 120 கிராம் சாதாரணப் பருத்தி விதை. வயலைச் சுற்றி அதை ஓரத்தில் ஊன்றச் சொல்லிப் பையில் எழுதியிருக்கும். எத்தனை பேர் ஊன்றினார்கள் என்று வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள். என்னிடம் வரும் சம்சாரிகள் பலரும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டதாகத்தான் சொன்னார்கள். “புழு விழுற செடியை எதுக்கு நானே விதைக்கணும்?” என்ற கேள்வி நியாயமானது. பதில் சொல்ல ஆள் இல்லை.

பதில் இந்தப் பாடத்தில் இருக்கிறது. ஓரத்துச் சாதாரணச் செடியில் விஷத்துக்குத் தப்பத் தெரியாத அந்துப்பூச்சிகள் பிழைத்திருக்கும். நடுவயலில் தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு அவற்றோடு கூடும்போது, பிறக்கும் புழுக்களில் பெரும்பாலானவை மறுபடி விஷத்துக்குச் சாகும். ஓரம் இல்லாவிட்டால் தப்பியதும் தப்பியதும் கூடும். இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் தலைமுறை பி.டி. பருத்தியைத் தாங்கத் தொடங்கிவிட்டது என்று 2010 வாக்கில் குஜராத்திலிருந்து செய்தி வந்தது. சில வருடத்தில் இரண்டு விஷப் புரதம் வைத்த அடுத்த ரகமும் அதற்குத் தோற்றது. ஓரத்தில் விதைக்காததோடு வேறு காரணங்களும் உண்டு. என்றாலும், ‘ஏன்’ என்று சொல்லாமல் ‘செய்’ என்று மட்டும் சொன்ன அறிவுரைக்கு நேர்ந்த கதி இது. பிறகு இரண்டு விதையையும் ஒரே பையில் கலந்தே கொடுக்கத் தொடங்கினார்கள்.

மல்லிகையையும் சொல்ல வேண்டும். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெருமையாகச் சொல்கிறோம். அந்தச் செடி விதையில் வருவதில்லை. ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்திலிருந்து பதியன் வந்து இங்கே வளர்கிறது. தண்டிலிருந்து தண்டு என்றால் தோட்டம் முழுக்க ஒரே செடியின் நகல்கள். ஒரு நோய்க்கு ஒன்று பணிந்தால் பக்கத்துச் செடியும் பணியும். வேறுபாடு என்பது இயற்கையின் கையிருப்பு என்று புரிந்த பிள்ளைக்கு, நாட்டு விதையை ஏன் காப்பாற்ற வேண்டும் என்று தனியாக ஒரு பாடம் எடுக்கத் தேவையில்லை. மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தார்கள். அங்கே டங்ஸ்டன் சுரங்கம் என்ற பேச்சு வந்தபோது ஊர் ஊராக மக்கள் நடந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. தண்ணீரும் மலையும் போய்விடுமே என்ற பதற்றம் அவர்களை நடக்க வைத்தது, அது போதுமானது. ஆனால் அந்தக் குன்றில் இருக்கும் எறும்புத்தின்னியும் வல்லூறும் போனால் திரும்ப வராது, ஏனென்றால் அவை உருவான வழி திரும்ப நடக்காது என்பதை நம் பிள்ளைகள் எங்கே கற்பார்கள்?

உங்கள் புத்தகத்தையே புரட்டிப் பாருங்கள். பரிணாமத்துக்கு அடுத்து இனக்கலப்பு, பிறகு உடல்நலமும் நோய்களும், பிறகு சுற்றுச்சூழல் மேலாண்மை. அடுக்கியவர்கள் யோசித்துத்தான் அடுக்கியிருக்கிறார்கள். முதல் படியை எடுத்துவிட்டால் மற்ற மூன்றும் மனப்பாடப் பகுதிதான்.

அந்தத் தாத்தாவுக்கு என்ன சொல்வது?

அவர் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. இன்று மரத்தில் தாவும் குரங்கு எதுவும் நமக்குப் பாட்டன் இல்லை. அப்படி எந்த விஞ்ஞானியும் சொல்லவில்லை. நம் பக்கத்து முறையிலேயே சொல்லிவிடலாம்: சிம்பன்சி நமக்குப் பங்காளி. மகாசிவராத்திரிக்குக் குலசாமி கோயிலில் கூடுகிறார்களே, ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து வருவார், ஒருவர் கம்பத்திலிருந்து வருவார். யாரும் யாருக்கும் அப்பன் இல்லை, ஆனால் மேலே போனால் ஒரே பாட்டன். சிம்பன்சிக்கும் நமக்கும் அந்தப் பாட்டன் சுமார் அறுபது, எழுபது லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவர். மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம் நமக்கு 46, அவற்றுக்கு 48. நம் இரண்டாவது குரோமோசோமை விரித்துப் பார்த்தால் அவற்றின் இரண்டு குரோமோசோம் முனையோடு முனை ஒட்டிய தழும்பு இன்னும் இருக்கிறது.

தூரத்துப் பங்காளி ஒருவர் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார். ஒல்லிப் பிள்ளையைத் ‘தேவாங்கு’ என்று கேலி செய்கிறோமே, அந்தத் தேவாங்குக்கென்று 2022இல் கரூர், திண்டுக்கல் எல்லையில் கடவூரில் இந்தியாவின் முதல் சரணாலயம் அமைந்தது. வைட்டமின் சி தயாரிக்கும் மரபணு தேவாங்கு வகையில் இன்றும் வேலை செய்கிறது. குரங்குகளுக்கும் நமக்கும் அதே மரபணு உடம்பில் இருக்கிறது, ஆனால் பழுதாகிக் கிடக்கிறது. அதனால்தான் நமக்கு நெல்லிக்காய் தேவைப்படுகிறது. தனித்தனியாகப் படைத்திருந்தால் அந்தப் பழுது ஏன் இருவருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். ஒரே பாட்டனிடமிருந்து வந்த குடும்பச் சொத்து என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் கிடைக்கவில்லை.

‘வெறும் தியரி’ என்று எழுதிக் கொடுத்தவருக்கும் பதில் உண்டு. பேச்சு வழக்கில் தியரி என்றால் ஊகம். அறிவியலில் கோட்பாடு என்றால், பல பக்கத்திலிருந்தும் சோதித்து நின்ற விளக்கம். கிருமியால் நோய் வருகிறது என்பதும் கோட்பாடுதான். அறுவை சிகிச்சைக்கு முன் நான் கை கழுவ வேண்டாம் என்று யாரும் இதுவரை சொன்னதில்லை.

தசாவதாரம் சொன்ன பெற்றோரிடம் வாதாடாதீர்கள். மீனில் தொடங்கி மனிதரில் முடியும் அந்த வரிசை அழகானது, பிள்ளைகள் கவனத்தை இழுக்கவும் உதவும். ஆனால் அது கடவுள் இறங்கி வந்த கதை. ஆமைக்குப் பன்றி பிறந்ததாக அந்தக் கதையிலும் இல்லை. இன்னொன்று, அது ஏணி. பரிணாமம் ஏணி இல்லை, ஆலமரம். மீன் இன்னும் மீனாகவே நீந்திக்கொண்டிருக்கிறது, அதுவும் நம் அளவுக்கே தூரம் வந்த உயிர்தான்.

உசிலம்பட்டிச் செய்தியில் ஜாக்கிரதை

நீங்கள் சொல்லும் செய்தி உண்மை. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் உசிலம்பட்டிப் பக்கம் எடுத்த இரத்த மாதிரிகளில், ஜோதிமாணிக்கம் என்ற ஊரில், எம்130 என்ற மரபணு அடையாளம் கிடைத்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிக் கடற்கரை ஓரமாக ஆஸ்திரேலியா வரை போன ஆதிக் கூட்டத்தின் தடயம் அது. நம் மண்ணில் செய்த பெரிய ஆராய்ச்சி, பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

ஆனால் ‘ஆதி மனிதன் எங்கள் ஆள்’ என்று அது ஊரில் திரிந்ததை நான் கேட்டிருக்கிறேன். அப்படித் தொடங்கினால் அன்றைக்குக் கைதட்டு விழும், பாடம் செத்துவிடும். அந்த அடையாளம் அப்பா, அவருடைய அப்பா என்று ஒரே ஒரு கோட்டில் மட்டும் போவது. பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடம் உண்டு. அதில் ஒரே ஒருவரைத்தான் அது காட்டுகிறது. மற்ற 1,023 இடத்தில் யார் யாரோ. ஆதிக் கூட்டத்திலிருந்து வராதவர் என்று இந்த உலகத்தில் யாரும் இல்லை, உங்கள் வகுப்பில் முதல் பெஞ்சும் கடைசி பெஞ்சும் உட்பட.

இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பதற்றம் இருக்கிறது, டீச்சர். மணிக்கட்டில் கலர் கயிறு கட்டிப் பிள்ளைகள் பிரிந்து நிற்கும் பள்ளிகளை நாம் இருவரும் பார்த்திருக்கிறோம். 2013இல் ஹைதராபாத், ஹார்வர்டு ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்த நாட்டு மக்கள் பரவலாகக் கலந்தார்கள், அதன் பிறகுதான் அவரவர் கூட்டத்துக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கம் இறுகியது என்று தெரிய வந்தது. கலக்காத இரத்தம் என்று எந்தத் தெருவிலும் இல்லை. அதோடு, ‘வல்லவன் வாழ்வான்’ என்று பரிணாமத்தை ஒரு வரியில் எழுதிப் போடாதீர்கள். ‘சர்வைவல் ஆஃப் தி ஃபிட்டஸ்ட்’ என்ற அதன் ஆங்கிலத் தொடரை உருவாக்கியது டார்வின் இல்லை, ஹெர்பர்ட் ஸ்பென்சர், 1864இல். தக்கது தங்கும் என்பதில் ‘தக்கது’ என்றால் பலசாலி என்று பொருள் இல்லை, அந்த இடத்துக்கும் காலத்துக்கும் பொருந்துவது. அந்த ஒரு வரியைத் தப்பாகப் பிடித்துக்கொண்டு உலகத்தில் நடந்த கொடுமைகள் அதிகம். பாடத்தை அரைகுறையாக நடத்துவதும் ஆபத்துத்தான் என்று சொல்கிறேன்.

சாமியும் பாடமும்

கோயிலை விட வேண்டியதில்லை. உயிர் எப்படிக் கிளைத்தது என்பதைப் பாடம் சொல்கிறது. எதற்காக வாழ்கிறோம், துக்கத்தில் யார் கையைப் பிடிப்பது என்பது அதன் எல்லைக்குள் வராது. கடந்த நூற்றாண்டின் பெரிய பரிணாம அறிஞர்களில் ஒருவரான தியோடோசியஸ் டோப்ஜான்ஸ்கி கடவுள் நம்பிக்கை உள்ள கிறிஸ்தவர். நானும் சித்திரைத் திருவிழாவுக்குக் கிளினிக்கை மூடுகிறவன்தான். வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டால், “பரீட்சைக்கு நம்ப வேண்டியதில்லை, புரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் என்ன நம்புகிறீர்களோ அது உங்கள் குடும்ப விஷயம்” என்று சொல்லுங்கள். எந்த மதத்தையும் பெயர் சொல்லி இழுக்காதீர்கள், கேலியாக ஒரு வார்த்தைகூட வேண்டாம்.

சட்டம், வேலை, வழி

நான் வழக்கறிஞன் இல்லை. பொதுவில் தெரிந்ததைச் சொல்கிறேன். 2010ஆம் ஆண்டின் சமச்சீர்க் கல்விச் சட்டப்படி மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பாடத்திட்டம். அதை நடைமுறைப்படுத்தும்படி 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் பள்ளி தனியார் பள்ளி என்பதால் ஒரு பாடத்தைத் தள்ளிவிட முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் 51-ஏ (எச்) பிரிவு அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதைக் குடிமக்களின் கடமை என்கிறது. ஆனால் இதை வைத்துக்கொண்டு தாளாளருடன் மோதலாம் என்று நினைக்காதீர்கள். கடமை என்று எழுதியிருப்பதை நீதிமன்றத்தில் நேரடியாக உரிமையாகக் கேட்பது கடினம். தனியார் பள்ளி வேலையின் பலவீனம் உங்களுக்கு என்னைவிடத் தெரியும். உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவதில் தப்பில்லை.

ஆகவே வேறு பக்கமாகப் போகலாம். தாளாளரிடம் கொள்கை பேசாமல் மதிப்பெண் பேசுங்கள். பொதுத்தேர்வுப் பாடம், நீட் பாடத்திட்டத்திலும் உண்டு, மனப்பாடம் செய்த பிள்ளை கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டால் திணறுவான் என்று சொல்லி நான்கு பீரியட் கேளுங்கள். என்ன நடத்தப்போகிறீர்கள் என்று பாடக்குறிப்பில் முன்கூட்டியே எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு யாராவது வந்தால், நீங்கள் தனியாக நிற்க வேண்டியதில்லை. ‘நடத்த வேண்டாம்’ என்று எழுத்தில் கொடுத்தார்கள் என்றால் மட்டும் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

பாடத்தைக் குரங்கில் தொடங்காதீர்கள். புலிக்குளம் காளையிலும் ராஜபாளையம் நாயிலும் தொடங்குங்கள். நல்ல காளையையே பொலிக்கு விட்டு விட்டு நம் முன்னோர்கள் ஓர் இனத்தை உருவாக்கினார்கள் என்றால் எந்தத் தாத்தாவும் சண்டைக்கு வரமாட்டார், தலையாட்டுவார். டார்வினும் 1859இல் தன் நூலை வளர்ப்புப் புறாக்களில்தான் தொடங்கினார். இரண்டாம் பீரியடில் காய்ப்புழுவும் காசநோயும். மூன்றாவதில் தேவாங்கு, நெல்லிக்காய். மனிதரைக் கடைசியில் வையுங்கள். முடிந்தால் அந்தத் தாத்தாவையே காளை வளர்ப்பைப் பற்றிப் பேசக் கூப்பிடுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொள்ளலாமே என்று யாராவது சொல்லக்கூடும். மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. தன் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்தபோதும் இதையே சொன்னார்கள். 2023 ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். பதினொன்றில் உயிரியல் எடுக்காத பிள்ளைக்குப் பத்தாம் வகுப்போடு கதவு மூடிவிடும். மருந்துக்கடை வைக்கப்போகிறவரும், பருத்தி விதைக்கப்போகிறவரும், ஊராட்சித் தலைவராகப்போகிறவரும் பெரும்பாலும் அந்தப் பிள்ளைகளில்தான் இருக்கிறார்கள். நம் மாநிலப் புத்தகத்தில் அந்தப் பாடம் இன்னும் இருக்கிறது, நடத்த நீங்களும் இருக்கிறீர்கள்.

கடைசி வரிசைப் பெண்ணும் அப்படி ஒரு பிள்ளைதான். வணிகவியல் எடுத்துவிட்டாள், இனி எந்த ஆசிரியரும் அவளுக்கு இதைச் சொல்லப்போவதில்லை. மதிய இடைவேளையில் கூப்பிட்டு உட்கார வைத்து, இப்படிச் சொல்லிப் பாருங்கள்: சேர நாட்டில் ஒரு காலத்தில் பேசியது தமிழ். இன்று அங்கே மலையாளம். எந்த அம்மா தமிழ் பேசி, எந்தப் பிள்ளை மலையாளம் பேசியது? அப்படி ஒரு வீடு ஒரு நாளும் இருந்ததில்லை. ஒவ்வொரு பிள்ளையும் அம்மா பேசியதைத்தான் பேசியது. ஒவ்வொரு அம்மாவுக்கும் தன் பிள்ளை பேசியது புரிந்தது. ஆயிரம் வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு மொழி. முதல் மனுஷி என்று ஒருத்தியும் அப்படித்தான் இல்லை. எல்லா அம்மாவும் தன்னைப் போலவே ஒரு பிள்ளையைத்தான் பெற்றாள்.

அடுத்த கேள்வி கேட்பாள். அதற்கும் நேரம் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டாக்டர்